முன்வரிசைக்கு மட்டும் ஒரு பிரசங்கம்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அந்தப் போதகரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேதத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு வசனம், பின்பக்கத்திலிருந்து ஒரு வசனம், இரண்டையும் சேர்த்தால் அவருக்குப் பிரசங்கம் தயார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது; குரலும் தேன். அந்தத் தேனைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் கொடுப்பது மருந்துக்கடைக்காரியின் வேலை. வாரம் முழுவதும் மாத்திரை விற்பாள். ஞாயிறு காலையில் மேடையோரம் நின்று கைகளால் பேசுவாள்.

சைகை அவளுக்கு வீட்டில் வந்தது. பேக்கரியில் மாவு பிசையும் அவள் அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவன். முன்வரிசையில் அவனும் அவனைப் போன்ற நான்கு பேரும் அவள் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வேதத்தின் பழைய நடை அண்ணனுக்குப் பிடிபடாது. அவனுக்கு வேதம் என்றால் தங்கையின் கைதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பெற்றவர் பாவம் பிள்ளையின் காதில் வந்து விடியும் என்று போதகர் அடித்துப் பேசினார். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்ட கேள்வியை வாசித்தார். அடுத்த வரியில் இருந்த பதிலை வாசிக்கவில்லை. இவன் பாவமும் இல்லை, பெற்றவர் பாவமும் இல்லை என்பது பதில். முழு அத்தியாயத்தையும் படித்துவிட்டு வருகிறவள் அவள். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை தானாகவே அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது. அண்ணன் கண்கலங்கி, போதகரைப் பார்த்துக் கும்பிட்டான். போதகரும் தம் பிரசங்கம் வேலை செய்துவிட்டது என்று பூரித்துப் போனார்.

அதன்பின் அவளால் நிறுத்த முடியவில்லை. ஒன்றைத் திருத்தினால், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்றைத் திருத்த வேண்டியிருந்தது. வசனத்துக்கு மேலும் கீழும் படித்துத்தான் சொன்னாள். ஆனாலும் வசனத்தைச் சொல்கிறோமா, அண்ணன் கேட்க வேண்டும் என்று தான் ஆசைப்படுவதைச் சொல்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது அண்ணன் தன் ஆறு வயது மகளைப் போதகரின் விடுதியில் விடப்போவதாகச் சொன்னான். அவளுக்கும் காது கேளாது. அந்த விடுதியில் சைகை கூடாது. கையைக் கட்டினால்தான் வாய் திறக்கும் என்பது போதகரின் கொள்கை. அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார். தங்கை எடுத்துச் சொன்னாள். அண்ணன் சிரித்தான். அவ்வளவு நல்ல மனசுக்காரர் அப்படிச் செய்வாரா என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

ஞாயிறு அவன் போதகருக்கு நன்றி சொல்ல மகளோடு மேடையேறிச் சைகையில் பேசத் தொடங்கினான். அதற்கு மைக்கில் தங்கை குரல் கொடுக்க வேண்டும். ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டாள். மாற்றிச் சொன்னால் மானம் தப்பும், குழந்தை போய்விடும். அப்படியே சொன்னால் அவள் திருத்தியதெல்லாம் வெளிவந்து அண்ணனே போய்விடுவான். குழந்தை அப்பாவின் சட்டையை இழுத்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று சின்னக் கைகளால் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் அண்ணன் சொன்னதைச் சொன்னாள்.

"நான் தப்பாப் பொறக்கலன்னு இதுவரைக்கும் என்கிட்ட சொன்ன ஒரே ஆளு நீங்கதான் ஐயா. அதனாலதான் என் பொண்ண உங்கள நம்பி விடுறேன்."

போதகர் நெற்றியைச் சுருக்கினார். "நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்? பாவத்தோட பலன்னுதானே சொல்லிட்டு வர்றேன்."

அதையும் அவள் அப்படியே கைகளால் சொன்னாள். போதகரின் பேச்சு கூட்டாமல் குறைக்காமல் அண்ணனிடம் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பிறகு தங்கையிடம் கேட்டான்.

"அப்ப இத்தனை நாளா எனக்குச் சொன்னது யாரு?"

"நான்தாண்ணே. ஆனா அது வேதத்துல இருக்கு."

"அவரும் வேதத்துல இருக்குன்னுதான் சொல்றாரு. நான் யார நம்புறது?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தான். கையைக் கட்டும் விடுதியிலிருந்து அது தப்பிவிட்டது. அவள் ஓடிப்போய் வாசலில் அவன் முன்னால் நின்று கைகளைத் தூக்கினாள்.

அவன் கண்களை மூடிக்கொண்டான். அவனிடம் பேச அவளுக்கு வேறு வழி கிடையாது.