வெர்டெல் டீச்சர் சொன்ன சாட்சி

தென் கரோலினாவின் அந்தச் சின்ன ஊரில், கறுப்பர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் வெர்டெல் கேஸ்கின்ஸ். மழை வந்தால் ஒழுகும் கூரை, வெள்ளையர் பள்ளியில் கிழிந்த பிறகு வந்து சேரும் புத்தகங்கள். அவற்றை வைத்துக்கொண்டே மூன்று பேரை டாக்டராக்கியிருந்தாள்.

1964-ல், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கக் கோரிய வழக்கு விசாரணைக்கு வந்தது. வேலை போய்விடுமென்று மற்ற ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்ள, வெர்டெல் மட்டும் சாட்சி சொல்லப் போனாள். நீதிமன்றத் தாழ்வாரத்தில், வழக்குப் போட்ட கறுப்பர்களின் வக்கீல் பிங்க்னி அவளை ஓரமாக அழைத்தார்.

"டீச்சரம்மா, அவங்க வக்கீல் உங்களைப் புகழுவான், அசந்துடாதீங்க. நம்ம ஸ்கூல் நல்ல ஸ்கூல்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, 'அப்புறம் எதுக்கு மாத்தணும்?'ம்பான். கேஸ் அவ்வளவுதான்."

"கூரை மட்டம், புத்தகம் மட்டம்னு சொல்றேன். படிப்பையுமா?"

"படிப்பையும்தான்."

அவர் சொன்னபடியே நடந்தது. கல்வி வாரியத்தின் வக்கீல் குழைந்துகொண்டு கேட்டார்.

"மூணு டாக்டரை உண்டாக்கின ஸ்கூலாச்சே, வெர்டெல். நீங்க சொல்லிக்குடுக்கிறதுல என்ன குறைச்சல்?"

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை லுவீனியாவும் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் வெர்டெல் சொன்னாள்: "குறைச்சல்தான். எங்க பசங்களுக்கு நாங்க குடுக்கிறது மட்டமான படிப்பு."

அப்பீலெல்லாம் முடிந்து நான்கு வருடம் கழித்து ஜெயித்தார்கள். தேவாலயத்தில் ஆளாளுக்கு அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஜூன் மாதம் வாரியம் கறுப்பர் பள்ளியை இழுத்து மூடியது. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள். பதினான்கு ஆசிரியர்களும் வீட்டுக்குப் போனார்கள்.

புதுப் பள்ளியில் வேலை கேட்டு வெர்டெல் கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், உட்காரச் சொல்லவில்லை.

"உங்க படிப்பு மட்டம்னு பைபிள்ல கை வெச்சு நீயேதானே சொன்னே? அதை எங்க பசங்க தலையில கட்டச் சொல்றியா?"

"ஒழுகற கூரையைக் குடுத்தது நீங்க சார். கிழிஞ்ச புத்தகத்தைக் குடுத்ததும் நீங்க."

"அதெல்லாம் இதுல இல்லையே" என்று அவர் சாட்சிய நகலைத் தட்டிக் காட்டினார்.

பிங்க்னியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க வேலைக்காக இன்னொரு கேஸ் போடலாம் டீச்சரம்மா. அஞ்சாறு வருஷம் ஆகும்."

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. "போடுங்க" என்றாள்.

ஆகஸ்டில் லுவீனியா பிலடெல்பியாவுக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு ஹோட்டலில் இஸ்திரி போடும் வேலை கிடைத்திருந்தது. வெர்டெல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

"உன் பேரை நான் சொல்லலையே, லூ."

"'நாங்க'ன்னுதானேடி சொன்னே? அந்த 'நாங்க'ல நான் இல்லையா?"

"பசங்களுக்காகத்தானே…"

"தெரியும். அதான் உன்னைத் திட்டவும் முடியல."

பெட்டியைத் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.

புது வழக்கு விசாரணைக்கு வந்தபோது, பிறகு ஆஸ்பத்திரியில் கிடைத்த துணி வெளுக்கும் வேலையிலிருந்துகூட வெர்டெல் ஓய்வு பெற்றிருந்தாள்.