பதினோரு பழுதான கருவிகள்

கோட்டைக் கழற்றப் போனவள் இரண்டாவது பொத்தானோடு கையை நிறுத்திக்கொண்டாள். தெருவில் அடித்த குளிருக்கும் வீட்டுக்குள் இருந்த குளிருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சித்தப்பா கம்பளித் தொப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேலே பஸ் கம்பெனி கொடுத்த பழைய கோட்டு என்று மூட்டை மாதிரி நின்றார். அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாய், மழைதான் வரப்போகிறது என்று வழக்கம்போல வம்பிழுத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. சித்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டி பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வியாழக்கிழமைதான் வீடு திரும்பியிருந்தாள். அந்தப் பதினாறு நாளில் இவள் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தரம், அதுவும் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பத்து நிமிஷம். அந்த உறுத்தலில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரஞ்சுப் பழங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

இவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். வீடுகளில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது, எதை மாற்றினால் குறையும், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசாங்கம் என்ன சட்டம் போடலாம் என்பதெல்லாம் அவள் துறை. சித்தப்பா அதை ஊரெல்லாம் 'கரண்டு மிச்சம் பிடிக்கிற படிப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான்கு வருஷத்துக்கு முன்னால் இருநூறு வீடுகளில் அளக்கும் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. யார் வீட்டில் யாரை விடுவார்கள்? கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பதினோரு வீடு குறைந்தபோது சித்தப்பாவிடம் வந்து நின்றாள். மனிதர் ஒரே சாயங்காலத்தில் மாடிப்படி ஏறி இறங்கி, தன் வீட்டோடு இன்னும் பத்து வீட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவர் மட்டும் இல்லையென்றால் அந்த ஆராய்ச்சி அன்றைக்கே படுத்திருக்கும்.

பெட்டி வைக்கும் வீட்டில் எதுவும் பேசக் கூடாது, நாங்கள் எதை எதிர்பார்க்கிறோம் என்று மூச்சு விடக் கூடாது என்பது பாலபாடம். மற்ற வீடுகளில் அவள் வாயைத் திறக்கவே இல்லை. இங்கே மட்டும், சித்தப்பாதானே என்று, திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னாள். நல்ல நம்பரா காட்டுங்க சித்தப்பா, என் மானத்தைக் காப்பாத்துங்க. சொன்னதை வாசல் தாண்டுவதற்குள் மறந்தும் போனாள்.

சன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் ஹீட்டர் இருந்தது. அதன்மேல் ஒரு பூப்போட்ட துணி, துணிமேல் ஒரு செடித் தொட்டி. செடி அங்கேயே வேர் பிடித்து நாளானதுபோலத் தழைத்திருந்தது.

"ஹீட்டர் ரிப்பேரா சித்தப்பா?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீதான அன்னிக்கு மானத்தைக் காப்பாத்தச் சொன்ன? காப்பாத்திட்டு இருக்கோம்."

நான்கு வருஷமாக அந்தப் பதினோரு வீட்டிலும் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பது அவர் சொல்லச் சொல்லத்தான் அவளுக்குத் தெரிந்தது. படிக்கட்டு முழுக்க அவர்தான் தளபதியாம். மூணாம் மாடி நர்ஸ் ஒருநாள் விடிகாலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டாளாம், நம்ம வீட்டுப் பெண் பரீட்சை எழுதுகிறாள், நீ இப்படிப் பண்ணலாமா என்று போய்க் கேட்டாராம். ரொம்பக் குளிரினால் ஓய்வுபெற்றவர்களுக்கான பாஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பஸ்ஸுக்குள் கதகதப்பாக இருக்கும். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவன் பிரேக் போடும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவார். சித்திக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. அவள் போர்வைக்குள்ளேயே இருந்துகொள்வாள்.

"நான்கூட நடுவுல போட்டுறலாம்னேன். உங்க சித்திதான் விடல. பொண்ணு பேரு கெட்டுப்போயிடும்னுட்டா."

பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்தது. ஓதம் ஏறிய அந்தப் பழைய கட்டடத்தின் சுவர்களுக்குள் குளிர் புகாதபடி பஞ்சு அடைத்து, சன்னல்களை மாற்றித் தரும்படி எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். பல்கலைக்கழக ஆய்வின்படி இக்கட்டடம் ஏற்கெனவே மிகச் சிக்கனமாக இயங்கி வருவதால் பழுதுபார்ப்பு அவசியமில்லை என்று பதில்.

"நமக்கு நல்ல சர்டிபிகேட்தான் குடுத்திருக்காங்க. சுவர மட்டும் பண்ண மாட்டாங்களாம். நீ கொஞ்சம் பேசிப் பாரேன்?"

அவள் அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தும் கீழே வைக்கவில்லை. அதிலிருந்த வாக்கியம் அவள் எழுதியது. அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம், ஒரு சொல்கூட மாறவில்லை.

அறிக்கைக்காகக் கணக்கைச் சரிபார்த்த அன்றைக்கு நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெட்டி இரண்டு எண்களைப் பதியும், மேலே அன்றைக்குச் செலவான கரண்டு, கீழே அறையின் வெப்பநிலை. ஒரே கட்டடத்தின் பதினோரு வீடுகளிலும் கீழ் எண் குளிர்காலம் முழுக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று என்றே நின்றது. பன்னிரண்டு டிகிரியில் மனுஷன் உட்கார்ந்திருப்பானா? ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். ஒன்றாக வாங்கிய பெட்டிகள், மொத்தமாகக் கெட்டிருக்கும் என்று இவள் சொல்லிவிட்டாள். சித்தப்பாவின் எண் மனப்பாடம், கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. 'கருவிப் பழுது' என்று குறித்துவிட்டு அந்தப் பதினோரு வீடுகளின் வெப்பநிலையையும் அழித்தாள். குளிர் அழிந்தபின் மிஞ்சிய கரண்டுக் கணக்கு தங்கமாக ஜொலித்தது. பழைய கட்டடங்களுக்குச் சுவர் வேலை தேவையில்லை, பழக்கம் மாறினாலே போதும் என்று அதை வைத்துத்தான் அறிக்கை எழுதினாள். பாராட்டும் பதவியும் அதனால்தான் வந்தன. நாளைக் காலை அமைச்சகக் குழுவின் முன்னால் வரைபடத்தில் அந்த வீடுகளைக் குறிக்கும் பதினோரு நீலப்புள்ளிகளைக் காட்டி அவள் பேச வேண்டும். குழு தலையாட்டினால் நாட்டில் உள்ள எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் இதே பதில்தான்.

"சித்தப்பா, அந்த ஆராய்ச்சி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் சுவரைப் பார்த்தார். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தூசி இல்லை, வாராவாரம் துடைத்திருப்பார்போல.

"பெட்டி எரியுதேம்மா."

"வந்து கழட்டறோம்னு சொன்னேன். வரல. மறந்துட்டேன்."

"அப்போ இந்த ரெண்டு குளிரும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். உள்ளறையில் சித்தி தூக்கத்தில் இருமினாள். அந்த இருமல் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சித்தப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க சித்திகிட்ட இதச் சொல்லாத."

திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கு எவ்வளவோ சொல் வைத்திருக்கும் மனிதர் அந்த ஒன்றைத்தான் கேட்டார்.

அவள் படிக்கட்டுக்குப் போய்த் தன் பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்தான். இருநூறில் பதினொன்று, அதற்காக முழு அறிக்கையையும் கவிழ்ப்பதா என்றார். திருத்தத்தை அடுத்த வருஷக் கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். படங்களை ஆறு மணிக்குள் குழுவுக்கு அனுப்பிவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் போனை அணைத்துக் கையில் வைத்தபடி கீழே பார்த்தாள். கீழ்ப்படியில் ஒரு வீட்டுக் கதவிடுக்கில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். மேலே இன்னொரு கதவிலும் அப்படித்தான். மணி நாலரை.

உள்ளே வந்து செடித் தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். துணியை உருவினாள். பிளக்கைச் சொருகி விசையைத் தட்டியதும் தூசி கருகும் வாடை அறை முழுக்கப் பரவியது. சித்தப்பா தடுக்கவில்லை. நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்தும் போடவில்லை. பெட்டியின் எதிரே போய் நின்றுகொண்டார், பழக்கம் லேசில் விடுமா. இவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏறுதேம்மா."

"ஏறட்டும் சித்தப்பா."

உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது. வாடை சித்தியை எழுப்பியிருக்க வேண்டும். இவள் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"யாருங்க ஹீட்டரப் போட்டது? அணைங்க முதல்ல. பொண்ணு பேரு என்னாகிறது?"

சித்தப்பா மேல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் கீழ் எண்ணைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டுதான்.