வளர்மதி திருத்திய கோடு

கொளஞ்சியப்பர் சாட்சியாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நம்பாதவர்கள் அவர் கோயிலிலேயே என்மேல் பிராது எழுதிக் கட்டிக்கொள்ளலாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் சுப்புராயன், புலிகள் காப்பகத்தை ஒட்டி மலையடிவாரத்தில் ஒரு தோட்டம் வாங்கினார். புலி தண்ணீருக்குப் போகும் வழியை மறித்துக் கம்பி வேலி போட்டார். பொம்மைக்காரர் ஆயிற்றே, வாசலில் ஆளுயரப் பீங்கான் புலிகள் இரண்டை நிறுத்தினார். வழக்கமாக அங்கே வரும் புலி அவற்றைப் பார்த்து, இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதென்று மரியாதையாக ஒதுங்கியது. அந்தப் பக்கம் போனால் ரிசார்ட்டு. இந்தப் பக்கம் வந்தால் ஆட்டுப்பட்டி, கல்லடி. ஒதுங்கி ஒதுங்கியே ஒரு காலையில் விருத்தாசலம் வந்து சேர்ந்தது.

பட்டறை முற்றத்தில் காய வைத்திருந்த புலி பொம்மைகளுக்கு நடுவே களைத்துப் படுத்துவிட்டது. சுப்புராயன் டீயோடு வந்தபோது, அவர் மனைவி வளர்மதி அதன் முதுகில் கறுப்பு பெயிண்டு தீட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருங்க இதுக்குக் கோடு போட்டது? ஒண்ணுகூட நேரா இல்ல. இப்படியே சூளையில வச்சா நம்ம பேரு கெட்டுடும்.”

டம்ளர் நழுவியது. “வளரு… அது மூச்சு வுடுதுடி!”

“ஈரம் காயலன்னா அப்படித்தான் தெரியும். போயி வேலையப் பாருங்க.”

புலி ஒரு கண்ணைத் திறந்தது. இது உண்மைக் கதை என்பதால் அது பேசவில்லை. கொட்டாவி மட்டும் விட்டது. அத்தனை பல்லை எந்த அச்சிலும் வார்க்க முடியாது என்று வளர்மதிக்குத் தெரியும். பிரஷ் பிடித்த கை அந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஆனாலும் அவள் பாய்ந்தது புருஷன் மேல்தான்.

“வேலி வேணாங்கன்னு சொன்னப்ப, புலிக்கு வேற வழியா இல்லன்னு கேட்டீங்களே! இந்தா வந்துருக்குது, பதில் சொல்லுங்க!”

சுப்புராயன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “வேலியப் பிரிச்சிடறேன் சாமி! அவள வுட்டுடு!”

புலி எழுந்துபோய், பொம்மை ஏற்றும் லாரியில் தானே ஏறி வைக்கோல்மேல் படுத்துக்கொண்டது. அன்றைக்கே சுப்புராயன் அந்த லாரியிலேயே மலையடிவாரம் போய் வேலியைப் பிரித்தார். பீங்கான் புலிகளையும் தூக்கினார். இறங்கிய புலி, திரும்பிப் பாராமல் தண்ணீருக்குப் போனது.

“நாம வாங்குனது நெலந்தாங்க,” என்றாள் வளர்மதி. “அது நடக்குற வழிய யாரும் நமக்கு விக்கல. காட்டோரத்துல நாம வழிய அடச்சிட்டா, அது ஊருக்குள்ளதான் வரும். அப்புறம் புலி மேல குத்தம் சொல்லக் கூடாது.”

சுப்புராயன் வண்டி ஏறினாலே வாந்தி எடுப்பவர். பக்கத்திலிருக்கும் வேப்பூரைத் தாண்டி இன்றுவரை அவர் எங்கும் போனதில்லை. அதற்கும் கொளஞ்சியப்பரே சாட்சி.