ஐந்து விரல் கூடுதல்

அன்று காலை ரின்யா டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி லாயாங் வருகிறார். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிப் படகு என்பது விதி. ஊரே ஒரு கூரையின் கீழ் வாழும் மேலாற்று நீள்வீட்டுக்கு வரைபடத்தில் மூன்றுதான் வருகிறதாம். படகை நிறுத்தலாமா என்று அவர்தான் எழுதித் தரவேண்டும். நிறுத்தினால் அந்த வீட்டிலிருந்து வரும் பதினோரு பேருக்கும் படிப்பு அத்தோடு சரி.

ரின்யா அன்றைய கணக்குப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வரைபடத்தைத் தரையில் விரித்தாள்.

"இதுல ஒரு சென்டிமீட்டர்னா நெசத்துல அரைக் கிலோமீட்டர். இங்கேருந்து மேலாற்று வீட்டுக்கு எவ்வளவு? அளந்து சொல்லுங்க."

ஜெலியன் முந்திக்கொண்டு அளவுகோலை வைத்தான். "ஆறு! அப்ப மூணு கிலோமீட்டர் டீச்சர்."

"மலைக்கு மேல கோடு போட்டிருக்க. உனக்கு றெக்கை மொளைச்சிருக்காடா?" என்றாள் மின்டு. மேலாற்று வீட்டுப் பெண், பதினொரு வயது, வாய் மட்டும் முப்பது. "நாங்க ஆத்துல வர்றோம். ஆத்து மேலேயே அளக்கணும்."

பைக்குள் கையை விட்டுத் தூண்டில் நரம்பை எடுத்தாள். ரின்யாவுக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. சொல்லித்தர நினைத்ததைப் பிள்ளையே சொல்லிவிட்டதே!

வகுப்பே முட்டி போட்டது. ஆளுக்கொரு வளைவில் விரலை வைத்து நரம்பை அழுத்திப் பிடித்தார்கள்.

"ஏய், அந்த வளைவ விட்டுட்ட! எங்க மாமா வலை போடுற எடம் அது!"

"உங்க மாமா மீன் பிடிச்சதே இல்ல, போடீ!"

நரம்பை நிமிர்த்திப் பார்த்தால் பதினாறு சென்டிமீட்டர். எட்டுக் கிலோமீட்டர்! கூச்சலில் கூரை பறக்காததுதான் பாக்கி. பொரித்த வாழைப்பழமும் கையுமாக லாயாங் உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"எங்க, எனக்கும் ஒரு தடவ அளந்து காட்டு பாப்போம்" என்றார்.

மின்டு பெருமையாக மறுபடி ஆரம்பித்தாள். பாதியில் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லு, நில்லு. இங்க ஏன் மடக்குற?"

"இது பாறைச் சரிவு சார். எல்லாரும் எறங்கிப் படகத் தள்ளணும். அதுக்கு ஒரு விரல் அகலம் நரம்பு சேர்த்துக்கணும். மொத்தம் அஞ்சு சரிவு."

"திரும்பி வர்றப்போ?"

"வர்றப்போ கெடையாது. தண்ணியே தள்ளிடும்ல?"

லாயாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரின்யாவுக்கு முகம் சுண்டிப்போனது. மேலாற்றில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். போகும் தூரம் ஒன்று, வரும் தூரம் ஒன்று. பக்கத்திலேயே இருந்தும் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"மின்டு, நாம படுற பாட்டப் படம் அளக்காதும்மா. தூரத்த மட்டுந்தான் அளக்கும். விரல எடுத்துட்டு அள." பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் படகு போச்சு.

மின்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அளந்தாள். இந்த முறை மடிப்பே இல்லை. லாயாங் தானே நரம்பை வாங்கி அளவுகோலில் பிடித்தார்.

பத்து. அதற்கு மேல் இரண்டு மில்லிமீட்டர்!

"அஞ்சு கிலோமீட்டர் நூறு மீட்டர்!" ஜெலியன் துள்ளிக் குதித்தான்.

"ரெண்டு மில்லிமீட்டர நம்பி எப்படிக் கையெழுத்துப் போடறது?" லாயாங் தலையைச் சொறிந்தார். "நரம்பு கொஞ்சம் நெகிழ்ந்தாலே போச்சு. சாயங்காலம் நானும் படகுல வர்றேன்."

பதினோரு பிள்ளைகளோடு அவரும் ரின்யாவும் ஏறினார்கள். முதல் சரிவில் படகின் அடி பாறையில் உரசி நின்றது. பிள்ளைகள் தொப் தொப்பென்று குதித்தார்கள். படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்க உக்காந்திருந்தா நகராது."

லாயாங் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது சரிவில் கால்சட்டை இடுப்புவரை நனைந்தது. மூன்றாவதில் வழுக்கி விழப்போனவரை ரின்யாதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

படகின் விளிம்பில் சாய்ந்து அவர் மூச்சு வாங்கினார்.

"மின்டு, இன்னும் எத்தனை விரல்?"

"ரெண்டு சார்!"

அவர் நிமிர்ந்து மேலே ஆற்றைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நனையாமல் உயர்த்திப் பிடித்தார்.

"யார்கிட்டயாவது பேனா இருக்கா?"

பதினோரு கைகள் புத்தகப் பைகளுக்குள் பாய்ந்தன.