மிலாறுப் போர்வை

முள்முருங்கை பூத்துவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயமே சிரித்த முகமாய்த் திரிந்தபோது, சண்முகவடிவு மட்டும் நாளை எண்ணிப் பயந்தாள். அது பூத்தால் பனிக்காலம் முடியப்போகிறது என்று அர்த்தம். பனி முடிந்தால் தோட்டத்துத் துரை கவ்வாத்து மலையைப் பார்க்க வருவார்.

பிள்ளை பெற்ற தீட்டு, முப்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே இருந்தபடி அந்தச் சிவப்பு மரத்தை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது. வெட்டிய குச்சிகளுக்கு மிலாறு என்று பேர். செடி துளிர்க்கும்வரை அதன் மேலேயே மிலாறைப் பரப்பி வைக்கவேண்டும். வெயிலுக்கும் பனிக்கும் அதுதான் போர்வை. அதற்குப் பிறகுதான் விறகுக்கு எடுக்கலாம். சண்முகவடிவு பொறுக்கவில்லை. நிறைமாதம், அடைமழை, இருந்த விறகெல்லாம் ஈரம்; மெல்லிசு மிலாறென்றால் அடுப்படிச் சூட்டில் சீக்கிரம் காயும். பிறக்கிற பிள்ளைக்கு வெந்நீர் வைக்க வேண்டுமே என்ற பயத்தில், புருஷன் கந்தப்பன் வெட்டிய நிரைகளிலேயே மிலாறை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை பிறந்த வாரமே பனி கொட்டியது. தைப் பனி தரையைப் பிளக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மூடியிருந்த செடி பிழைத்தது, அம்மணமாய் நின்றது கறுத்தது.

கந்தப்பனின் கத்தியில்தான் குற்றம், ஆழமாக வெட்டிவிட்டான் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை சொன்னார். துரை வரும்போது துளிர் இல்லையென்றால் வேலைக் கணக்கிலிருந்து பேர் வெட்டு. பேர் போனால் லயத்து அறையும் போகும். தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைத்தான் அரசாங்கம் பறித்துவிட்டது, இந்தக் கூரையும் போனால் பச்சைப் பிள்ளையோடு எந்த மரத்தடியில் நிற்பது?

கத்தியைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத மனுஷன், அன்று வாய் திறக்கவில்லை. மிலாறை யார் அள்ளியது என்று சொல்லியிருந்தால் அவள் பேரும் சேர்ந்து போயிருக்கும். வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை. வைதிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த லட்சணத்தில், அடுப்படியில் அடுக்கியிருந்த மிலாறுக்கட்டு வேறு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. அடுத்த அறைப் பேச்சியம்மாதான் திருடுகிறாள் என்று முடிவுகட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏசித் தீர்த்தாள். ஒரு குச்சிகூட என் அடுப்புக்குப் போகவில்லை என்று பேச்சியம்மா பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியமாவது சர்க்கரைப் பொங்கலாவது என்றாள் இவள்.

தீட்டுக் கழிந்த காலையில்தான் துரையும் வருவதாக இருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு மலையேறினாள். பாதையோரமெல்லாம் புதுப்புல். ஏதோ குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. செய்தது தப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தப்புதான். மறுபடி அந்த நிலைமை வந்தால் அள்ளாமல் இருப்பாளா? அள்ளத்தான் செய்வாள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கந்தப்பனின் நிரைகள் அம்மணமாக இல்லை. ஒவ்வொரு செடி மேலும் மிலாறு பரப்பியிருந்தது. ஒரு கிளையில், அவள் மிலாறுக்கட்டைக் கட்டியிருந்த நீலச் சேலைக்கிழிசல் தொங்கியது. குனிந்து மிலாறை விலக்கினாள். கறுத்த கட்டையின் அடிமூட்டில், பிள்ளையின் நகத்தளவுக்குச் சிவப்பாய்த் துளிர். அடுத்த செடியிலும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

துரை வந்தார். கைத்தடியால் நாலைந்து செடிகளை விலக்கிப் பார்த்தார், அடுத்த மலைக்கு நடந்தார். கணக்கப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். பேர் தப்பியது.

நிரையில் வேலையாய் நின்ற கந்தப்பன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லங்க?"

"கேட்டா எல்லாத்தையும் குடுத்துட்டு புள்ளையோட குளுருல கெடந்திருப்ப. அதான் விடிய முந்தி கொஞ்சங்கொஞ்சமா எடுத்தேன்."

"ஐயோ, பேச்சியம்மாக்காவ நாக்குல நரம்பில்லாம பேசிப்புட்டேனே. அவுங்ககிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவுங்களுக்குத் தெரியும் புள்ள. பாதிக் கட்டு அவுங்கதான் சுமந்தாங்க."