ஐந்தாவது பவுல்

என் தம்பி லிபினுக்குக் கடவுள் கொடுத்தது ஆறடி நாலங்குல உயரம். அதில் அவனுக்கென்று ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை. பாதியை ஊர் எடுத்துக்கொண்டது, பாதியைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. எங்கள் கடற்கரையில் குருசடியை, அந்தச் சின்னச் சிலுவைக் கோவிலை, தாண்டியதும் ஒரு பிளெக்ஸ் நிற்கும். அதில் பந்தும் கையுமாக அவன் சிரிக்கிறான். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று முப்பது பேருடைய சின்னச் சின்ன முகங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கூடை போட்டால் எத்தனை பாயின்ட் என்று தெரியாது. என் அப்பா ஏசுஅடிமையும் அந்த முப்பதில் ஒருவர்.

கூடைப்பந்து லிபினுக்குப் பிடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே பிடிக்கும். ஆனால் அவன் மனசு சரக்குக் கப்பலில் இருந்தது. கொச்சியில் ஒரு கப்பல் கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை ஆள் எடுக்கிறது. படிப்பு முடிந்ததும் ஆறு மாதம் பயிற்சி, பிறகு கப்பலில் வேலை. நேர்காணலுக்குப் போகும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களின் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். நகல் கொண்டுபோனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரிஜினல்கள் அவனுடைய கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் தேவகுமார் சாரிடம் இருந்தன. விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த பையன்களின் சான்றிதழ்களை அவரே வாங்கி வைத்துக்கொள்வார். முன்பொரு பையன் சீசன் நடுவில் ஒரிஜினலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கேரளாவில் ஒரு கல்லூரிக்கு ஆடப் போய்விட்டானாம். அன்றிலிருந்து சாருக்கு ஒரே சட்டம். சீசன் முடிந்தால்தான் சான்றிதழ். சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். பையன்களுக்குத் தன் வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுவருகிற மனிதரை என்னவென்று திட்டுவது?

போன வருடமும் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அப்போதும் சீசன். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு, நான் கேட்டு வாங்கிவிட்டு வருகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பிப் போனார். சாயங்காலம் ஒரு கல்லூரிக் காலண்டரோடு திரும்பி வந்தார். “நல்ல மனுசன் கேட்டியா, டீ வாங்கித் தந்தாரு. லிபின் இல்லாம டீமே இல்லன்னு சொல்லுகாரு” என்றார். அந்தக் காலண்டர் வருடம் முழுக்க எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடமும் அழைப்பு வந்தது, அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட லிபின் என்ன அந்தக் கம்பெனிக்கு மருமகனா? இதை விட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நாகர்கோவிலில் நான் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். எதிரே நகைக் கடை. அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து விடுகிறவர் ஸ்ரீஜித். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே கல்லூரி அணியின் கேப்டன். நல்ல உயரம், அதனால்தான் அந்த வேலை. லிபின் என்னைக் கூப்பிட வரும்போதெல்லாம், “வா மக்கா, இங்க இன்னொரு கதவு இருக்கு” என்று ஸ்ரீஜித் சிரிப்பார். லிபின் பதிலுக்குச் சிரிக்கவே மாட்டான்.

மாவட்டக் கல்லூரி லீக்கில் எட்டு அணிகள். நவம்பர் கடைசியில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மழை பெய்து சிமென்ட் தரை நனைந்தது, ஆட்டம் தள்ளிப்போனது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு மாவட்டமே லீவு, இன்னும் தள்ளிப்போனது. இழுத்து இழுத்து இறுதிப் போட்டி டிசம்பரில் வந்து நின்றது. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. வெள்ளி ஒன்று, சனி ஒன்று. ஆளுக்கொன்று ஜெயித்தால் மூன்றாவது ஆட்டம். அதை ஞாயிற்றுக்கிழமை வைக்க இந்த மாவட்டத்தில் யாராலும் முடியாது. ஒரு கல்லூரி சிஎஸ்ஐ, ஒரு கல்லூரி கத்தோலிக்கம், இரண்டு பேருக்கும் ஞாயிறு கோவில். ஆகவே மூன்றாவது ஆட்டம் திங்கட்கிழமை மூன்று மணிக்கு.

கொச்சியில் நேர்காணல் அதே திங்கட்கிழமை காலையில்.

வெள்ளிக்கிழமை மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரியிடம் எங்கள் அணி தோற்றது. லிபின் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினான், இருந்தும் தோற்றார்கள். பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து நின்றவன் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

“அக்கா, நாளைக்கும் தோத்தா சீசன் முடிஞ்சிரும். சர்ட்டிபிகேட் ஃபைலு சாருக்க பைக்குள்ளதான் கெடக்கு. கடைசி விசில் ஊதுன உடனே அந்த எடத்துலயே தாறேன்னு சொல்லிட்டாரு.”

“வேணும்னே தோக்கப் போறியாலே?” என்றேன். “கூட நாலு பேரு ஆடுகானுவ. ரெனிஷுக்கு இது கடைசி வருசம்.”

“தோக்க மாட்டேன்க்கா. அது பாவம். நான் வெளிய மட்டும் போறேன்.” விரல்களை விரித்துக் காட்டினான். “அஞ்சு பவுல். அஞ்சாவது ஆனா நடுவரே வெளிய அனுப்பிருவாரு. பெறவு அவன்மாரு ஜெயிச்சா ஜெயிக்கட்டும், தோத்தா தோக்கட்டும். நான் யாருக்கும் துரோகம் பண்ணல்ல.”

தான் வெளியே போனால் அணி ஜெயிக்காது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சந்துக்குள் அவன் மனசாட்சி எப்படியோ உடம்பைக் குறுக்கி நுழைந்திருந்தது. நான் அதைக் கலைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கடற்கரையில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். மறுநாள் ஞாயிறு, வள்ளம் கரையில்தான் கிடக்கும். அதனால் இரண்டு வேன் நிறைய ஊர் கிளம்பி வந்துவிட்டது. தம்பி தப்பித்துப் போக நினைத்த அன்றைக்கென்று பார்த்து ஊரே வந்து வாசலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பா முன்வரிசை. அம்மா ஞானசெல்வி கையில் செபமாலை. பையன்கள் கொட்டு கொண்டுவந்திருந்தார்கள். சிமென்ட் படிக்கட்டில் அவர்கள் நடுவே நான் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து போகவும் வழியில்லை. கீழே, ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்கு அடியில், சாருடைய கறுப்புப் பை தெரிந்தது.

லிபின் முதல் பவுலை ஆரம்பத்திலேயே செய்தான். எதிரணியின் டெனிஷ் பந்தோடு மேலே எழும்பினபோது கையில் ஓர் அடி. விசில். இரண்டாவது, அதே டெனிஷை இடுப்பில் தள்ளியது. விசில்.

“என்னட்டி இவன் இன்னைக்கு இப்பிடி மல்லுக்கு நிக்கான்?” என்று அம்மா கேட்டாள்.

“வெப்ராளமா இருக்கும், பதட்டம்” என்றேன்.

“தோக்கப்பிடாதுன்னு வெறி” என்று அப்பா திருத்தினார். அவர் குரலில் பெருமை வழிந்தது.

பாதி ஆட்டத்தில் எங்கள் அணி நாலு பாயின்ட் பின்னால். இடைவேளை விட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. மடிகளையும் முழங்கால்களையும் மிதித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்துக்கொண்டு ஓடினால் என்ன என்றுகூட நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் ஓடவில்லை, கேட்டேன்.

“சார், லிபினுக்க சர்ட்டிபிகேட்ட இப்பவே தந்திருங்க சார். திங்கக்கிழமை காலைல அவன் கொச்சில நிக்கணும்.”

சார் என்னைப் பாவமாகத்தான் பார்த்தார். “மோளே, இன்னைக்கு ஜெயிச்சா திங்கக்கிழமை ஆட்டம். அவன் இல்லாம நான் யார வச்சு ஆடுவேன்? சீசன் முடியட்டும். நானே கொண்டு வந்து தாறேன். கப்பல் இந்த வருசம் போனா அடுத்த வருசம் வரும். கப்பு அப்பிடியா?”

“போன வருசமும் இதத்தான் சார் சொன்னிய.”

“நீ மத்தியானம் ஏதாவது தின்னியா? மொகம் வாடிக் கெடக்கு” என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டுப் பையன்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்குக் காலண்டர், எனக்குப் பிஸ்கட். நானும் அதை வாங்கிக்கொண்டு படியேறி வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குவார்ட்டரில் லிபின் மூன்றாவது பவுலையும் நாலாவது பவுலையும் அடுத்தடுத்துச் செய்தான். இன்னும் ஒன்றே ஒன்று. அப்போது சார் ஒரு காரியம் செய்தார். ஐந்தாவது பவுல் விழுந்தால் ஆளே போய்விடுவானே என்று லிபினை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்தார். கடைசியில் தேவைப்படும் என்று பத்திரப்படுத்தினார், ஊறுகாய் ஜாடியை மேல்தட்டில் வைப்பது போல. லிபின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் காலுக்குப் பக்கத்தில் அந்தப் பை.

அவன் இல்லாமல் எங்கள் அணி எட்டு பாயின்ட் பின்னால் போனது. முடிந்தது, தோற்கப் போகிறார்கள், தம்பி பிழைத்தான் என்று நான் அம்மாவின் செபமாலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஜெயிக்க வேண்டி மணி உருட்டுகிறாள், நான் அதே மாலையில் தோற்க வேண்டி மணி உருட்டுகிறேன். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ரெனிஷ் விடவில்லை. அந்தப் பையனுக்கு என்ன வந்ததோ, தூரத்திலிருந்து ஒன்று, உள்ளே புகுந்து ஒன்று. எட்டு மூன்றானது. கொட்டு காதைக் கிழித்தது. கடைசி மூன்று நிமிடத்துக்கு சார் லிபினை எழுப்பி உள்ளே அனுப்பினார். ஊரே எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தியது.

போன உடனே அவன் செய்தான். டெனிஷ் பந்தைப் பிடித்ததும் அவன் கையை இரண்டு கையாலும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். பவுல் என்றால் அதுதான் பவுல், குருடனுக்கும் தெரியும். நடுவர் யேசுரத்தினம் பக்கத்திலேயே நின்றார். விசில் வாயில் இருந்தது. அவர் லிபினைப் பார்த்தார், கத்துகிற படிக்கட்டைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“பாத்து ஆடு மக்கா. ஒன்னப் பாக்கத்தான் இவ்வளவு சனமும் வந்திருக்கு” என்று அவர் சொன்னதாக ரெனிஷ் பிறகு சொன்னான். எனக்கு மேலிருந்து கேட்கவில்லை. தம்பி அவரிடம் கையை விரித்து ஏதோ கேட்டது மட்டும் தெரிந்தது. நான் பவுல் பண்ணினேன், ஊதுங்கள் என்றுதான் கேட்டிருப்பான். அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு ஓடினார்.

“பாத்தியா, நடுவருக்கே அவன்மேல எவ்வளவு மதிப்பு!” என்றார் அப்பா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தனை எல்லாரும் நேசித்தே கட்டிப்போடுகிறார்களே, இதை யாரிடம் போய்ச் சொல்வது? அடிக்கிற ஆளிடமிருந்து ஓடலாம். முட்டை அவித்துத் தருகிறவரிடமிருந்தும், முதுகில் தட்டிக்கொடுக்கிறவரிடமிருந்தும், செபமாலை உருட்டுகிற அம்மாவிடமிருந்தும் எங்கே ஓடுவது?

அதன் பிறகு அவன் எத்தனை தடவை கையைப் போட்டும் அந்த விசில் ஊதவில்லை. கடைசி சில வினாடிகள். அறுபத்தொன்றுக்கு அறுபது, எங்கள் அணி ஒரு பாயின்ட் பின்னால். பந்து ரெனிஷ் கையில். லிபின் வளையத்துக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். வேண்டுமென்றேதான் அப்படி நின்றான், எனக்குத் தெரியும். ரெனிஷ் எறிந்தான். பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி வெளியே வந்தது. அவ்வளவுதான், முடிந்தது, அவன் கொச்சிக்குப் போகிறான் என்று நான் மூச்சு விட்டேன்.

பந்து அவன் தலைக்கு மேலே வந்தது. அவன் யோசித்திருக்க மாட்டான். யோசித்திருந்தால் நின்றிருப்பான். ஏழாம் வகுப்பிலிருந்து பழகிய உடம்பு, யாரைக் கேட்டு எழும்பும்? இரண்டு காலும் தரையை விட்டன, கை நீண்டது, விரல் நுனியால் பந்தை மெல்லத் திருப்பி வளையத்துக்குள் விட்டான். அவ்வளவு அழகாக அவன் அதற்கு முன் போட்டு நான் பார்த்ததில்லை. பந்து வலையில் இறங்கின நேரத்தில் கடைசி விசில்.

படிக்கட்டு காலியானது. எங்கள் ஊர் மொத்தமும் தரையில் இறங்கி ஓடியது. அப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஆறடி நாலங்குலத்தைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இறங்க வேண்டும் என்று அவன் காலை உதறினான். சந்தோஷத்தில் உதறுகிறான் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “திங்கக்கிழமை மூணு மணி, ஒருத்தனும் லேட்டா வரப்பிடாது” என்று உரக்கச் சொன்னார்.

லிபின் அந்தக் கூட்டத்துக்கு மேலே உட்கார்ந்து என்னைத் தேடினான். உலகத்தில் அவன் போட்ட திட்டம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானே. முகம் முகமாகத் தேடிக்கொண்டு வந்தவனின் பார்வை என்மேல் வந்து நின்றது. அப்போதுதான் எனக்குத் தொண்டை எரிவது தெரிந்தது. நான் அம்மாவைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.