சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்வி

டேனியல் சார் என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி நேராக்கிக் கொடுத்திருக்கலாம்தான். மனம் வரவில்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர், கரும்பும் நெல்லுமாக ஊரில் பாதி நிலம் வைத்திருப்பவர், ஒரு தடவையாவது என் முன்னால் முழிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்திருந்தது. கோயில் அலுவலறையில் நான், அவர், ஃபாதர், மூன்று பேர்தான்.

இது என் எம்.சி.ஏ. கடைசி வருடப் புராஜெக்ட். பங்கின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்று ஃபாதர் ஆசைப்பட்டார்; நான் செய்து தருகிறேன் என்றேன். மென்பொருள் எழுதுவதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால், வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று கேட்டுப் படமாக வரைந்து, "ஆமாம், இப்படித்தான் நடக்கிறது" என்று அந்த இடத்துக்காரர்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் புராஜெக்ட் இல்லை, புராஜெக்ட் இல்லையென்றால் டிகிரி இல்லை. ஃபாதர் இந்தப் பங்குக்குப் புதியவர். "டேனியல் போட்டா நானும் போட்டுடுறேம்மா" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம்.

நான் முதலில் வரைந்தது வேறு படம். சாவு, மணி, பூசை, கல்லறை, எல்லாம் ஒரே கோட்டில். கல்லூரியில் விஜயகுமாரி மேடம் அதைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ஒரு கல்லறைதானா?" என்று கேட்டார்.

"ரெண்டு மேடம்."

"அப்ப ஏன் ஒண்ணு போட்ட?"

"ரெண்டுலயும் ஒரே விவரம்தான் மேடம். பேரு, தேதி, குழி நம்பர். ஒரே மாதிரி இருக்கிறத ஒண்ணாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. "அது நீ கட்டப்போற சிஸ்டத்துக்கு. மொதல்ல இருக்கிற சிஸ்டத்த வரை. இருக்கிறத மறைச்சிட்டு வரைஞ்சன்னா, கையெழுத்து போடுறவங்க எதுக்குப் போடுறாங்க?"

அந்தக் கேள்விக்கு வந்த கோபம் பாகூர் பஸ்ஸில் ஏறி இறங்கும்வரை ஆறவில்லை. இருக்கிறது எனக்கா தெரியாது? ஊருக்கு மேட்டில் மதில் வைத்த கல்லறை. காலனிக்கு வாய்க்கால் பக்கம் பள்ளத்தில் ஒன்று. பெட்டியை வைத்துத் தள்ளும் தூம்பா வண்டி ஊருக்கு ரப்பர் சக்கரத்தில். எங்களுக்கு இரும்புச் சக்கரத்தில் பழையது, கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடக்கும். ஒரே பீடம், ஒரே சாமியார், ஒரே செபம். வாசலைத் தாண்டியதும் ஊர் வண்டி மேற்கே போகும், எங்கள் வண்டி கிழக்கே போகும். அம்மா கிழக்கேதான் போனாள். அடுத்த வருடமே புயலில் தென்பெண்ணை புரண்டு வந்து பள்ளத்தில் நின்றது. வடிந்தபோது அம்மாவின் சிலுவை இல்லை. எந்தக் குழி அவளுடையது என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் நிச்சயமில்லை. கல்லறைத் திருநாளன்று தோராயமாக ஓர் இடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறோம். இதைத்தான் பெட்டியும் அம்புமாக வரைந்தேன். வரைந்து முடித்து அழுதேன். அழுதுவிட்டு ஸ்கேல் வைத்துக் கோடுகளை நேராக்கினேன்.

டேனியல் சார் ஒருவழியாகப் படத்தை நேராகத் திருப்பிக்கொண்டார். "கரெக்ட்டாதான் கீது பாப்பா. மணி, பூச, தூம்பா, ரெண்டு பக்கமும் அம்பு. நல்லா போட்டுக்கிற." பேனா மூடியைக் கழற்றியவர், நடுவிலிருந்த சாய்சதுரத்தைத் தட்டினார். "இது இன்னா, காலியா கீது?"

"அது முடிவெடுக்கிற எடம் சார். வழி ரெண்டா பிரியுற எடத்துல ஒரு கேள்வி இருக்கணும். ஆமான்னா மேற்கால, இல்லன்னா கிழக்கால. அந்தக் கேள்வி இன்னான்னு சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்."

"அதான் ஒனக்கே தெரியுமே."

"நானா எழுதக்கூடாது சார். பேரவை சொல்றதத்தான் எழுதணும்."

அவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் ஜன்னலைப் பார்த்தார்.

"எந்தத் தெருன்னு போட்டுக்க."

பென்சிலால் எழுதினேன்: 'இறந்தவர் வீடு கோயில் தெருவில் உள்ளதா?' எழுதியதை, உண்மையில் நடந்த ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும், அது பாடம். "எங்கப்பா கோயில் தெருவுல வூடு வாங்கி வந்தப்புறந்தான் சார் எங்கம்மா செத்தாங்க. ஒங்க வூட்டுலேர்ந்து நாலாவது வூடு. இந்தக் கேள்வி சரின்னா அம்மா மேற்கால போயிருக்கணும்."

எழுதியதை ரப்பரால் அழித்தேன்.

"சரி, அவங்கவங்க சொந்தபந்தம் எங்க கீதோ அங்கன்னு போடு."

"அப்ப ரெண்டு கல்லறையிலயும் மொதமொதல்ல பொதச்ச ஆள இன்னா கேட்டு அனுப்புனாங்க சார்?"

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுகளைத் தட்டி எடுக்கும் சத்தம் கேட்டது. டேனியல் சார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் குரல் இறங்கிப்போனது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான பாப்பா. அத எதுக்கு எழுதிக்கினு?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார்."

எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். சத்தியமாக வேண்டும். காலியாகவே இருக்கட்டும், போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் எடுத்தார். சாய்சதுரத்துக்குள் முனையை வைத்து ஓர் எழுத்து எழுதினார். இரண்டாவது எழுத்துக்குக் கை போகவில்லை. ரப்பர் மேசையிலேயே இருந்தது; கண்ணில் படவில்லையோ என்னவோ, கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்த எழுத்தைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கரி பரவியது. காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது, அதன் வழியே மேசையின் மரம் தெரிந்தது. அதற்கப்புறமும் அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.